பாய்மேல் செருப்பு

கழிவறைக்கென்று வாசலில் போட்டிருக்கும் ரப்பர் செருப்பைக் கழற்றாமலே அந்த ஆசாமி அறைக்குள் நடந்து வந்தார். தரை முழுக்கப் புத்தம்புதுக் கோரைப் பாய். இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு மண்டியிட்டிருந்த சிஸுரு தட்டைச் சட்டென்று மேலே தூக்கிக்கொண்டாள்.

மட்சுவே நகரத்தில் இந்த விடுதிக்கு அவள் வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. குடித்துவிட்டுத் தள்ளாடி வந்தவன்கூட அந்தச் செருப்போடு பாயை மிதித்ததில்லை.

"ஏங்க, செருப்பு," என்றாள் அவரோடு வந்திருந்த தொமோயே அம்மாள். அறுபத்தைந்து வயதிருக்கும். குரலில் கோபமே இல்லை.

"செருப்புதான். அதுக்கென்ன இப்போ? பாய் என்ன அழுவுதா?" என்றபடி நாகாசே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சிஸுரு ஈரத் துணியை எடுத்தாள். அந்த அம்மாள் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தானே பாயைத் துடைத்தாள். "நீ விடும்மா. எனக்கு இது பழக்கம்தான்."

அதோடு விட்டாரா மனுஷர்? ஏரிச் சிப்பி போட்ட சூப்பை உறிஞ்சிய சத்தம் மாடிப்படி வரை கேட்டது. ஒவ்வொரு சிப்பியாக வாயில் போட்டுச் சப்பி, ஓடுகளை மேஜைமேல் துப்பினார். சாப்பிட்டு முடித்ததும் காலை நீட்டிக் கால் நகம் வெட்ட ஆரம்பித்தார். ஒரு துண்டு பறந்துபோய் ஊறுகாய்க் கிண்ணத்தில் விழுந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்த சிஸுரு, ஊறுகாயை அப்படியே குப்பையில் கொட்டினாள்.

"சீ, மனுஷனா அவன்?" என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஃபுமினோவிடம்.

"அதான் அக்கா, அந்தம்மா ரெண்டு ரூமா எடுத்திருக்காங்க. இந்த ஆள் பக்கத்துல எவ படுப்பா?"

"நான் பதினெட்டு வருஷம் படுத்தேன்டி, இவனுக்கு அண்ணன் மாதிரி ஒருத்தன் பக்கத்துல. அப்பவே ஓடி வந்திருக்கணும். இந்தம்மாகிட்ட யாராவது எடுத்துச் சொன்னா என்ன?"

விடுதி முதலாளியம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். "சிஸுரு, போன வருஷம் ஒரு பொண்ணுக்குப் புத்தி சொல்லி, அவ புருஷன் இங்க வந்து ஆடின ஆட்டம் மறந்துபோச்சா? இன்னொரு தடவை விருந்தாளி குடும்பத்துல மூக்கை நுழைச்சே, அன்னைக்கே உனக்கு இங்க வேலை கிடையாது."

ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே வேலை தேடுவது? சிஸுரு காலிக் கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள்.

மறுநாள் அவர்கள் கோட்டை அகழியில் படகில் போகக் கிளம்பினார்கள். முழங்கால் வலி என்று தொமோயே அம்மாள் சிஸுருவையும் துணைக்கு அழைத்துக்கொண்டாள். படகில் ஏறியதுமே நாகாசே காய்ந்த கணவாய் மீன் பொட்டலத்தைப் பிரித்தார். வாயைத் திறந்துவைத்து மென்றார், பல்லிடுக்கைப் படகு டிக்கெட்டின் முனையால் குத்தினார்.

தாழ்வான பாலம் வந்தது. படகின் கூரையை இறக்கினார்கள். எல்லோரும் தலையை முழங்கால்வரை தாழ்த்திக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆசாமி ஒரு நீண்ட ஏப்பம் விட்டார். முன்னால் இருந்த இளம் ஜோடி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டது. சிஸுருவுக்கு அகழியில் குதித்துவிடலாம் போலிருந்தது.

பாலம் கடந்து நிமிர்ந்தபோது தொமோயே அம்மாள் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது, கண் நிறைந்திருந்தது. பாவம், அவமானம் தாங்காமல் அழுகிறாள்.

"கோட்டைக்கு மேல ஏறிப் பார்ப்போமாங்க?" என்று கரையில் கேட்டாள்.

"கல்லையும் மரத்தையும் பார்க்க நான் ஏறணுமா? பேசாம உட்காரு."

அவளும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காலை. நாகாசே டாக்ஸி பிடிக்கப் போயிருந்தார். தொமோயே அம்மாள் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிஸுரு உள்ளே போய் எதிரில் மண்டியிட்டாள்.

"அம்மா, இதைச் சொன்னா என் வேலை போயிடும். போனா போகட்டும். அந்த ஆளை விட்டுடுங்க. நீங்க அவருக்கு வேலைக்காரியா? மிச்சம் இருக்கிற நாளாவது நிம்மதியா சாப்பிட வேண்டாமா? நான் நாப்பத்திரெண்டு வயசுல விட்டுட்டு வந்தேன். செத்தா போயிட்டேன்?"

தொமோயே அம்மாளின் கை அப்படியே நின்றது. சிஸுருவின் முதுகுக்குப் பின்னால் கதவு நகர்ந்தது. முதலாளியம்மா.

"சிஸுரு, சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு நெற்றி பாயில் படக் குனிந்தாள். "மன்னிச்சிடுங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நானே மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"அவர்கிட்ட எப்படிக் கேப்பீங்க? அவர் தவறி மூணு வருஷம் ஆச்சே," என்றாள் தொமோயே அம்மாள். சிஸுருவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவளை அனுப்பாதீங்க. பார்த்ததைத்தானே சொன்னா."

"அப்ப இந்த ஆளு?" என்றாள் சிஸுரு.

"எங்க வீட்டுக்காரர் பண்ணின அசிங்கம் ஒண்ணு விடாம எழுதிக் குடுத்து, அதே மாதிரி நடந்துக்க இவரை மூணு நாளைக்கு வாடகைக்குக் கூட்டிட்டு வந்தேம்மா."