முக்காடு

1962-ன் இந்திய-சீனச் சண்டை ஓய்ந்தும் சூடு ஆறாத நேரம். மதுரையில் பழைய சீனப் பீங்கான் கண்காட்சி பார்க்க மனைவி, மகளோடு வந்த நூர் அகமது, பீங்கானைவிட வாசல் போலீஸ்காரரைத்தான் அதிகம் பார்த்தார்.

“முக்காட்டை இழுத்து விடு, கமர்.”

“மூச்சு முட்டுது. நம்ம பேகம்பூர்லகூட இம்புட்டுக் கண்டிப்பு இல்லியே!”

“சொன்னாக் கேளு.”

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தட்டைக் காட்டி மகள் நர்கீஸ் கத்தினாள்: “அத்தா! தட்டுல நம்ம அம்மா!”

பதறித் திரும்பிய கமருக்கு முக்காடு நழுவியது. தட்டில் வரைந்திருந்த சீனப் பெண்ணின் அதே கண்கள், அதே கன்னம் அவளுக்கு. பினாங்கில் கடை வைத்திருந்த நூர் அகமதுவின் மாமனார், ஒரு சீனக் குடும்பத்திடம் கைக்குழந்தையாக வாங்கி வளர்த்த மகள்தான் கமர்.

போலீஸ்காரர் நெருங்கி வந்தார். “எந்த ஊரு நீ?”

“திண்டுக்கல்லு பேகம்பூரு. செத்த தள்ளி நில்லுங்கண்ணே, புள்ளைக்கு மறைக்குது.”

போலீஸ்காரர் தள்ளி நின்றார். நூர் அகமதுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.