பதினோரு கடைசித் தாள்கள்

மாலை நாலு மணி பத்து நிமிடம். கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. கடற்காற்று மட்டும் ஓயவில்லை. கோட்டைப்பட்டினத்தின் சிறிய நூலகத்தில், நூலகர் பிரகதாம்பாள் பதினோரு நாவல்களை மேசைமேல் அடுக்கிவைத்துக் காத்திருந்தாள்.

அன்றைய கணக்கெடுப்பில்தான் தெரிந்தது: பதினொன்றிலும் கடைசித் தாள் இல்லை. கிழித்ததல்ல, பிளேடால் ஓரம் பிசகாமல் வெட்டியது. பதினொன்றையும் எடுத்துப் போனவள் ஒருத்திதான்.

எல்லாம் ஒரே வார்ப்பு. மனதில் காயம்பட்ட கதாநாயகன். யாரையும் நெருங்கவிட மாட்டான், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான். ஒருத்தி இருநூறு பக்கம் பொறுமையாக அவனை நேசிப்பாள். கடைசிப் பக்கத்தில் அவன் குணமாகிவிடுவான். பிரகதாம்பாளுக்கு இந்த ரகத்தின்மேல் பெரிய மரியாதை கிடையாது. இருந்தாலும், புத்தகம் புத்தகம்தான்.

சுடர்விழி வந்தாள். இறால் கம்பெனியில் வேலை. விரலில் வாடை போகாது என்பதால் புத்தகத்தைப் பைக்குள் போட்டுத்தான் எடுத்துப் போவாள்.

"இதெல்லாம் யாரு வேலைம்மா?"

சுடர்விழி புத்தகங்களைப் பார்த்தாள்.

"நாந்தாங்க மேடம்."

"எதுக்கு?"

ஜன்னலோரம் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தங்கமுத்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "கட்டுனவன் தொழிலுக்குப் போகாமக் கரையில கெடக்கான். இதுக்குக் காதல் கதை கேக்குது."

பிரகதாம்பாள் அவரைக் கண்டிக்கவில்லை. அந்த நினைப்பு அவளுக்கும் இருந்தது. உறுப்பினர் அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டாள்.

அதற்குத்தான் சுடர்விழி பதறினாள். வேறு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள் என்றாள். தினமும் வந்து நூலகத்தைக் கூட்டித் துடைத்துத் தருவதாகச் சொன்னாள். வாரம் ஒரு புத்தகம், அதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று கெஞ்சினாள். விதியை மாற்ற முடியாது என்று பிரகதாம்பாள் அமைதியாக, உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

பேச்சு கடற்கரைக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. ஐந்தரை மணிக்குப் பிரகதாம்பாள் பூட்டைக் கையில் எடுத்தபோது, சுடர்விழியின் கணவன் மரியசெல்வம் படியேறி வந்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன், அவன் ஓட்டிப் போன விசைப்படகில் கயிற்றில் கால் சிக்கி, அவனுடைய தம்பி கடலுக்குள் போனது ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து மரியசெல்வம் படகேறியதில்லை. வீட்டில் வாய் திறப்பதும் இல்லை என்பார்கள்.

இப்போது திறந்தான். ஒரு பாலிதீன் பையை மேசைமேல் வைத்தான். உள்ளே பதினோரு தாள்கள்.

"வெட்டுனது நான் மேடம். அவ தண்ணிக்குப் போற நேரம் பாத்து வெட்டுவேன்."

"ஏங்க?"

"கடைசிப் பக்கத்துல அவன் சரியாப்போயிர்றான். எல்லாக் கதையிலயும் சரியாப்போயிர்றான். அத வாசிச்சு வாசிச்சுத்தான், நானும் ஒருநாள் சரியாப்போவேன்னு இவ உக்காந்திருக்கா."

பிரகதாம்பாள் பூட்டை மேசைமேல் வைத்தாள்.

"மணமேல்குடியிலேருந்து இவ அண்ணன் மாசாமாசம் வந்து கூப்புடுறாரு. போகமாட்டேங்கிறா. முப்பது வயசுதான் ஆகுது. என்னோட சேந்து அவளும் முழுகணுமா?"

அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். படிக்கிறவள் படிக்கட்டும், இந்த ரகத்தை மட்டும் இனி அவள் கண்ணில் காட்ட வேண்டாம் என்றான். பிரகதாம்பாள் வாக்குக் கொடுத்தாள். மனைவி தன்னை விட்டுப் போய்விட வேண்டும் என்பதற்காக ஒருவன் இத்தனை பாடுபடுவானா என்று, வீடு போய்ச் சேரும்வரை அதே நினைவாக இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை, மரியசெல்வம் எப்போதும் போலக் கடற்கரைக்குப் போய் மற்றவர்களின் கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தான். படகுப் பக்கம் திரும்பவில்லை.

சுடர்விழி வேலைக்குப் போகும் வழியில் நூலகத்துக்கு வந்தாள். பிரகதாம்பாள் அட்டையை அவளிடம் கொடுத்து, முந்தைய நாள் மாலை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவளுடைய நன்மைக்காகவே வேறு புத்தகங்கள் எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

"அவருதான் வெட்டுறாருன்னு மொதப் புத்தகத்துலயே தெரியுங்க மேடம்."

"தெரிஞ்சுமா பழிய ஏத்துக்கிட்ட?"

"வெட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்த வாய்விட்டு வாசிப்பாருங்க. நான் தண்ணிக்குப் போற மாதிரிப் போயி, செவுத்துக்குப் பின்னாடி வெறுங்குடத்தோட நிப்பேன். மூணு வருசமா அவரு குரல நான் கேக்குறது அப்ப மட்டுந்தான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"'என்னை விட்டுப் போயிடாதே'ன்னு எல்லாக் கதையிலயும் கடைசில ஒரு வரி வரும். அத மட்டும் ரெண்டு தரம் வாசிப்பாரு."

பிரகதாம்பாள் எடுத்து வைத்திருந்த புத்தகங்களை ஒதுக்கினாள். புதிதாக வந்திருந்த கட்டைப் பிரித்து, அதே ரகத்தில் ஒரு நாவலை எடுத்தாள். நூலகச் சொத்து என்பதற்கு அடையாளமாக மூன்று இடங்களில் முத்திரை குத்த வேண்டும். முதல் பக்கத்தில் குத்தினாள். நடுவில் ஒரு பக்கத்தில் குத்தினாள். கடைசித் தாளில் மட்டும் குத்தாமல், புத்தகத்தைச் சுடர்விழியின் பைக்குள் வைத்தாள்.