அரிசி டின்னுக்கு ஒரு காவல்

"இன்னிமே இந்தச் சமையல்கட்டுல நீ தும்முனாக்கூட எனக்குத் தெரியும் கன்னியம்மா. மேல பாத்துக்க."

கன்னியம்மா மேலே பார்த்தாள். பரணுக்குக் கீழே, அரிசி டின்னுக்கு நேர் எதிரே, செங்கல் அளவுக்கு ஒரு கேமரா உட்கார்ந்திருந்தது. அதன் வாலிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது. புது மாப்பிள்ளையைக் காட்டுவது போல அதைக் காட்டிக்கொண்டு நின்றார் ராஜசேகரன்.

பட்டாபிராமில் அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் கேமரா. திருட்டைப் பிடிக்க வாங்கியது என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தார். திருடியது யார் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தார்.

அவர் மனைவி ராணிக்குப் பீரோமேல் நம்பிக்கை கிடையாது. நகையை மஞ்சள் துணியில் முடிந்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டுத்தான் சென்ட்ரல் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவாள். சனிக்கிழமைதோறும் அரிசிக்குள் கையை விட்டு எண்ணிப் பார்ப்பாள். போன மாதம் எண்ணியபோது ஒரு மோதிரம் குறைந்தது. போலீசுக்குப் போகலாம் என்றாள். காக்கிச்சட்டை படியேறினால் மானம் போய்விடும் என்று தடுத்துவிட்டார் ராஜசேகரன். நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு அவருக்கு மானத்தைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

கன்னியம்மாவின் மானத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாலு வீட்டில் வேலை செய்தவளை இரண்டு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுத் தாயம்மா நிறுத்தவில்லை; ஆனால் பாத்திரங்களை வாசலிலேயே கொட்டித் தேய்த்துவிட்டுப் போகச் சொன்னாள். ராஜசேகரன் வீட்டு வேலையைத் தானாக விட்டால் திருட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வந்துபோனாள்.

கேமரா வாங்கிய ரிச்சி தெருக் கடையில், படம் பார்க்கத் தனி டிவியும் பதிவு செய்யத் தனிப் பெட்டியும் வேண்டும் என்றார்களாம். பதிவு எதற்கு, என் கண் போதாதா என்று வெறும் கேமராவோடு திரும்பிவிட்டார் ராஜசேகரன். தெருவுக்குக் கேபிள் இணைப்பு கொடுக்கும் மணவாளன்தான் ஏதோ ஒரு பெட்டியை இணைத்து, அவர் வீட்டு டிவியிலேயே சமையல்கட்டு தெரிகிற மாதிரி செய்துகொடுத்தான்.

அன்றிலிருந்து கன்னியம்மா வேலை செய்யும் நேரமெல்லாம் கூடத்து நாற்காலியை விட்டு அவர் நகரவில்லை. வெங்காயத் தோலோடு பாதி வெங்காயமும் போகிறது என்று அங்கிருந்தே குரல் வரும். ஒருநாள், "அந்தக் கை இன்னாத்துக்கு மேல போவுது?" என்று கேட்டார்.

"மூக்கு அரிக்குதுய்யா. நீ பாத்து முடிச்சப்புறம் சொறியட்டுமா?" என்றாள் கன்னியம்மா.

பதினோரு மணிக்கு அவள் வேலை முடிந்ததும் டிவியை அணைப்பார். படம் ஓடினால்தான் கேமரா பார்க்கும். ஆள் போன பிறகு கரண்டு எதற்குத் தண்டம் என்பது அவருடைய விஞ்ஞானம். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பூந்தமல்லி சீட்டாட்ட மன்றத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த வாரம் தெருவுக்கு என்னமோ ஆகியிருந்தது. "முதுகு வலியா? நேத்து அம்மிகிட்ட குனிய முடியாம நின்னியே" என்று தாயம்மா கேட்டாள். கன்னியம்மா யாரிடமும் முதுகைப் பற்றிச் சொல்லவில்லை. புதன்கிழமை, வேலையை நிறுத்திய இரண்டு வீட்டிலும் திரும்ப வரச் சொன்னார்கள். தாயம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டு டம்ளரிலேயே காபி கொடுத்தாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கன்னியம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ராணி அரிசிக்குள் கையை விட்டாள். இரண்டு வளையலைக் காணவில்லை.

தாயம்மா வீட்டில் வேலையாக இருந்த கன்னியம்மாவை ராஜசேகரன் தெருவுக்கு வரவழைத்தார். கூட்டம் சேரும்வரை காத்திருந்து ஆரம்பித்தார்.

"செவ்வாக்கெழம காலைல இவ டின்னுல கைய உட்டு, வளையல எடுத்து முந்தானைல சொருவிகினா. டிவில என் ரெண்டு கண்ணால பாத்தேன். திருப்பி வெச்சிடுவான்னு நாலு நாளு பொறுத்துகினு இருந்தேன்."

 இத்தனை பேர் முன்னால் டிவியே சாட்சி சொல்லிவிட்ட பிறகு இனி எந்த வீட்டுப் படியை மிதிப்பது? கன்னியம்மா அவரைப் பார்க்காமல் ராணியைப் பார்த்துச் சொன்னாள்.

"போலீசக் கூப்புடு ராணிம்மா. நானே கூட வரேன்."

"போலீஸ்லாம் எதுக்கு?" என்று அவசரமாகக் குறுக்கிட்டார் ராஜசேகரன். "வேலைய உட்டுப் போவட்டும். மன்னிச்சிட்டேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாயம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"இன்னா நைனா, மாத்திச் சொல்ற. செவ்வாக்கெழம இவ போனப்புறம், கட்டம் போட்ட லுங்கிய மடிச்சிக் கட்டிகினு டின்னுல கைய உட்டது நீதான?"

ராஜசேகரனின் முகம் வெளுத்தது. "அதெப்படி... அப்ப நான் டிவிய அணைச்சிட்டேனே" என்றார்.

ராணி மெல்லத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். தாயம்மா விடவில்லை.

"நீ உன் ஊட்டு டிவியத்தான் அணைச்ச. மணவாளன் கேபிள்ல உட்டது உனுக்கு மட்டுமா வரும்? ஒம்போதாம் நம்பரத் திருப்பினா நாப்பது ஊட்லயும் உன் சமையல்கட்டுதான். ஒரு வாரமா காலைப் படத்த உட்டுட்டு உன்னத்தான பாத்துகினு கீறோம்."