தோள் நோ

மோர்டன் ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்று கோசிகா மருத்துவ இன்சூரன்ஸுக்குப் போன் எடுத்தாள். வீட்டில் பேசும்போது கணவன் ஆரணன் வந்துவிட்டால் கேட்டுவிடும்.

பிள்ளை பிறந்த அன்றே இறந்து ஏழு மாதம். "நடந்தது நடந்திட்டுது" என்று ஆரணன் வேலைக்குப் போய்விட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஆனால் தோள் நோவுக்கு மட்டும் இரண்டு மாதமாக வியாழன்தோறும் தெரபி! வந்ததும் எண்ணெய் வேறு தடவ வேண்டும். கல்நெஞ்சன். அவனிடம் போய், 'எனக்கு விசர் பிடிக்கப் போகுது' என்று எப்படிச் சொல்வது?

"மனநல ஆலோசனைக்கு நாலு தரம் கைக்காசில் போனேன். இனி முடியாது. கிளெய்ம் பண்ண வேண்டும்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

"மன்னிக்கவும். உங்கள் குடும்பத்துக்கு வருடம் எட்டு ஆலோசனை அமர்வுகள்தான். எட்டும் முடிந்துவிட்டன" என்றாள் அலுவலகப் பெண்.

"ஐயோ, அது என் கணவரின் தோள் தெரபி! தவறாகச் சேர்த்துவிட்டீர்கள்."

"இல்லை. பிசியோதெரபிக்குக் கணக்கு வேறு. அதில் இதுவரை யாரும் கிளெய்ம் பண்ணவே இல்லை."

கோசிகா மெல்ல வீட்டுக்கு நடந்தாள்.

அன்றும் வியாழக்கிழமை. சிவந்த கண்களோடு ஆரணன் வந்தான்.

"இஞ்சேர், தோள் சரியா நோகுது. கொஞ்சம் எண்ணெய் தடவிவிடு."

அவள் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்து அவனருகில் உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கும் அதே தோள்தான் நோகுது."