விழித்துக்கொண்ட சுவர்

எங்கள் குடியிருப்புச் சுவர்களுக்குள் பாக்டீரியாக்கள் ஓடு கட்டிக்கொண்டு வித்தாக உறங்குகின்றன. விரிசலில் மழைநீர் இறங்கினால் விழித்து, சுண்ணாம்பு கக்கி அதை அடைத்துவிடும். உறங்குகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. சுவரில் கத்தி வைக்க எனக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர் கீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பிலோமினா அக்கா வீட்டுச் சுவரில் சுரண்டிய தூளைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, பச்சைச் சாயம் விட்டு ஆவியில் காட்டினேன். கழுவிவிட்டுச் சிவப்புச் சாயம் விட்டேன். உறங்கும் வித்து பச்சையாக நிற்கும், விழித்தது சிவக்கும். நுண்ணோக்கியில் எங்கு பார்த்தாலும் சிவப்பு. அதுவும் மழையே இல்லாத சித்திரையில்!

"சுவத்துல என்னக்கா ஊத்துனீங்க?"

"கொதிக்கக் கொதிக்க வெந்நி. தெனமும் ஊத்துதேன். கிருமி செத்துரும்லா?"

"இது வெந்நிக்குச் சாகாதுக்கா. சூடு பட்டா இன்னும் வெரசா முழிச்சுக்கிடும்."

அக்கா சுவரைத் தடவினார். கடலுக்குப் போய்த் திரும்பாத மகன் ரீகன், சிறுவயதில் உயரம் பார்க்க ஆணியால் கிழித்த கோடுகள் அங்கே இருந்தன. எல்லாம் மூடிவிட்டன. ஒன்று மட்டும் மயிரிழையாகத் தெரிந்தது.

"கோடு மூடக்கூடாதுன்னுதான் ஊத்துனேன். அப்போ நானேதான் அழிச்சிருக்கேனா?"

நான் மறுபடி கத்தியை எடுத்தேன்.

"சாம்பிள் பத்தலக்கா. இனி மாசாமாசம் எடுக்கணும்."

அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆழமாகச் சுரண்டினேன். விழுந்த தூளை அக்கா கீழே சிந்தவிடாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.