மெழுகுச் சட்டை

“பச்சைக் கள்ளன்! ‘புதுக் கபாசிற்றர் போட்டாச்சு அண்ணை, இனிப் பயமில்லாமல் கேளுங்கோ’ எண்டு குழைஞ்சு குழைஞ்சு சொன்னியே, எங்கையடா புதுசு?”

றேடியோ திருத்தும் சுபாஸின் குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டு, பாடிக்கொண்டிருந்த பழைய வால்வ் றேடியோவின் முதுகைத் திறந்தான் கோகுலன். கொடிகாமம் சந்தையே றேடியோக் கடை வாசலில் கூடிவிட்டது.

உள்ளே, பழுப்பு மெழுகு பூசிய தாள் உருளை ஒன்று பழையபடி தூங்கிக்கொண்டிருந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில், சாமான் ஒன்றும் கிடைக்காதபோது, தேயிலைப் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டி மெழுகில் தோய்த்து, மாமனார் கனகசபாபதி தன் கையாலே செய்த மின்தேக்கி, அதுதான் கபாசிற்றர். சூடேறி ஒருநாள் வீட்டைக் கொளுத்தப்போகுதே என்றுதான் கோகுலன் மாற்றக் கொடுத்தது.

மாமனாரோ கடை வாங்குப் பலகையில் கண்ணை மூடிப் பாட்டில் மிதந்துகொண்டிருந்தார்.

“விடும் மருமோன். அப்ப ஊரே இருட்டு. மண்ணெண்ணெய் ஜெனரேற்றரிலை உந்த றேடியோ டயல் ஒண்டுதான் மஞ்சளா மினுங்கும். நிலவு இறங்கி வந்தமாதிரிச் சனம் சுத்தியிருக்கும். இண்டைக்கும் என்ரை கபாசிற்றர்தான் பாடுது, பாத்தீரே?”

“மாத்தினியா, இல்லையா? வாயைத் திறவடா!”

சுபாஸ் ஒருதரம் கிழவரைப் பார்த்தான்.

“இல்லை அண்ணை. மாத்தேல்லை.”

சனம் ‘ஊ’ போட்டது.

“இனி உன்ரை கடைக்குக் காகமும் வராது, பார்!” என்று கத்தினான் கோகுலன்.

கிழவர் தேத்தண்ணிக்கு எதிர்க்கடைக்குப் போக, சனமும் கலைந்தது. சுபாஸ் றேடியோவை நிறுத்தி, சோல்டரிங் அயனின் நுனியால் மெழுகை மெல்லத் தொட்டான். மெழுகு உருகி விலக, உள்ளே புத்தம்புதுக் கபாசிற்றர்!

“சட்டை மட்டும் ஐயாடை. உள்ளுக்கை புதுசு. உதைச் சொல்லிச் சொல்லித்தானே அந்த மனுசன் சிரிக்குது. கள்ளன் எண்ட பேர் எனக்கு இருந்திட்டுப் போகட்டும் அண்ணை.”

கோகுலன் றேடியோவின் முதுகைத் தானே மூடினான்.

திரும்பும்போது வயல் முழுக்கப் பனி. மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து, கனவில் கதைப்பவர்போல மாமனார் சொன்னார்:

“என்ரை கபாசிற்றர் இருமி இருமித்தான் பாடும் மருமோன். இண்டைக்குத் தேனாப் பாடேக்கையே விளங்கீட்டுது, உள்ளுக்கை ஆள் மாறீட்டுது எண்டு.”

கோகுலன் பிறேக் பிடித்தான். “அப்ப ஏன் மாமா அவனுக்காக வாய் திறக்கேல்லை?”

“நல்ல பொய் ஒண்டு உடனை வரேல்லை மருமோன், இப்பதான் வந்தது. ‘மாத்தவேண்டாம் எண்டு நான்தான் அவனை மறிச்சனான்’ எண்டு நாளைக்குச் சந்தையிலை சொல்லப்போறன். நீர் சனத்துக்கு முன்னாலை என்னை நல்லா ஏசும். எனக்குத் தெரியும் எண்டு மட்டும் அந்தப் பெடியனுக்குத் தெரியக்கூடாது.”