பதினோரு ஊர்ச் சுற்று

மருந்து விற்பனைப் பிரதிநிதி, மாதா மாதம் போகும் பதினோரு ஊர்ப் பயணத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். லாரி கம்பெனியில் வண்டிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்த அவர் மனைவி, லேப்டாப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவர்மேல் அவ்வளவு கரிசனம்.

"போன மாசம் நீங்க போன வழியை வரைபடத்துல போட்டுப் பார்த்தேன். கோடு ஒண்ணை ஒண்ணு வெட்டுது. வெட்டினா, எங்கேயோ வீணா சுத்துறீங்கன்னு அர்த்தம்."

"வியாபாரம்னா அப்படித்தான்."

"எட்டாவது ஊருக்கு மட்டும் மூணு தடவை போயிருக்கீங்க."

சட்டையை மடித்த கை நின்றது. "அங்கே ஒரு டாக்டரம்மா. லேசுல பிடி கொடுக்க மாட்டாங்க."

"பாவம், எவ்வளவு அலைச்சல் உங்களுக்கு. அதான் புது வழி போட்டுட்டேன். ஊர் எண்ணிக்கை கூடிக்கிட்டே போனா, ஆகக் குறைஞ்ச தூரத்தைத் துல்லியமா கண்டுபிடிக்க கம்ப்யூட்டருக்கே ஆயுசு போதாதாம். உங்களுக்குப் பதினோரு ஊர்தானே, ஒரே நிமிஷம். நாலு நாள் மிச்சமாகுது."

"இல்ல, அந்த டாக்டரம்மா..."

"நேத்து நானே போய்ப் பார்த்தேன். நல்ல பொண்ணு. பையனுக்கு அப்படியே உங்க மூக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க. புறப்படுற ஊரா அதைத்தான் போட்டிருக்கேன். இனிமே அங்கேயே கிளம்பி அங்கேயே திரும்பலாம். மத்த ஊருக்கெல்லாம் ஒரே ஒரு தடவைதான்."

"அப்போ நம்ம ஊரு?"

"அதுவும் மத்த ஊர் மாதிரிதான். ஒரு தடவை வந்துட்டீங்கல்ல, முடிஞ்சுது" என்றபடி பெட்டியை மூடி வாசலுக்கு வெளியே வைத்தாள்.